சட்டையில் பதித்த பெயர்



சிங்கப்பூரின் கிழக்குக் கோடியில் பாசிர் ரிஸ் என்றோர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் 'பாசிர்' என்றால் மணல் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அங்கே கம்பத்து வீடுகளும் தென்னை மரங்களும் இருந்தன. 1980களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் எம்ஆர்டி ரயிலும் அங்கே வந்து சேர்ந்தது. இன்று கடற்கரையை ஒட்டிச் சுமார் 70 ஹெக்டேர் பரப்பில் ஒரு பூங்கா விரிந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பூங்காவில் நின்று பார்த்தால், கூட்டம் கூட்டமாக மக்கள் ஒரே நிற டி-சட்டை அணிந்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். ஒரு கூட்டம் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், இன்னொரு கூட்டம் பழைய பள்ளித் தோழர்கள், மற்றொன்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை. ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் ஒரு சின்னம் இருக்கும். யார் எந்தக் கூட்டம் என்று அந்தச் சின்னமே சொல்லிவிடும்.

அந்தப் பூங்காவில் நாங்களும் ஒருமுறை கூடினோம். ஜொகூரில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு வேலை தேடிப் பல ஊர்களுக்கும் பிரிந்து போன குடும்பங்கள் நாங்கள். இன்று அந்தத் தோட்டம் இல்லை. பால்மரங்களும் லயங்களும் போய், வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. எனவே கூடுகின்ற நாளில் அணிய ஒரு சட்டை செய்ய விரும்பினோம். பால்மரம், அதில் கட்டிய மங்கு, மங்கில் சொட்டும் பால், பின்னால் கோயில் கோபுரம், கீழே தமிழில் தோட்டத்தின் பெயர். இதுதான் சின்னம். மிகவும் நுணுக்கமான படம்.

அவசரத்தில் விலை குறைந்த முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நிறத்தாளை எழுத்து வடிவில் வெட்டிச் சூட்டால் அழுத்தி ஒட்டும் முறை அது. முதல் நாள் பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்று சலவைக்குப் பிறகு முதலில் புள்ளிகள் உதிர்ந்தன. 'தோட்டம்' என்ற சொல் 'தோடடம' என்று நின்றது. பிறகு கோபுரத்தின் விளிம்புகள் உரிந்தன. தோட்டந்தான் போயிற்று, பெயருமா போக வேண்டும் என்று எங்களில் மூத்த பாட்டி ஒருவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

குறை கடைக்காரருடையது என்று சொல்லிவிட முடியாது. எந்தப் படத்துக்கு எந்த முறை பொருந்தும் என்று நாங்களே கேட்கத் தவறினோம். அதன் பிறகுதான் துணியில் படம் பதிக்கும் கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வியப்பு மிகுந்தது. நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகளை நம் முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு விடையும் கண்டிருந்தார்கள். அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

துணியில் படம் பதிப்பவர் எவராயினும் அவர்முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. முதலாவது: வைத்த இடத்தில் சாயம் நிற்குமா, பக்கத்தில் பரவிவிடுமா? இரண்டாவது: தண்ணீரில் அலசினால் சாயம் தங்குமா, போய்விடுமா? முதல் கேள்வி படத்தின் நுணுக்கத்தைப் பற்றியது. இரண்டாவது அதன் ஆயுளைப் பற்றியது. துணி அச்சின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் வரலாறுதான்.

சிந்து வெளியில் மொகஞ்சதாரோவில், வெள்ளிப் பாத்திரம் ஒன்றோடு ஒட்டியிருந்த பருத்தித் துணித் துண்டு கிடைத்தது. மஞ்சிட்டி வேர்ச் சாயம் ஏற்றிய துணி அது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருத்தியில் சாயத்தை நிலைக்கச் செய்யும் வழியை நம் நாட்டார் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. எகிப்து நாட்டில், பழைய கெய்ரோவின் பகுதியான புஸ்தாத்தில், மண்ணுக்குள் ஏராளமான துணித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. குஜராத்தில் மரக்கட்டையில் அச்சு செதுக்கிப் பதித்து, கப்பலேற்றி அனுப்பிய துணிகள் அவை. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளைக் கடந்தும் அவற்றின் சிவப்பும் நீலமும் இன்றும் தெரிகின்றன. எங்கள் சட்டையோ மூன்று சலவை தாங்கவில்லை!

இனி நமது சோழமண்டலக் கரைக்கு வருவோம். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பூவேலைத் துணிகள் கிழக்கே மலாக்காவுக்கும் அதற்கப்பால் உள்ள தீவுகளுக்கும் போயின. அங்கே அந்தத் துணியைக் கொடுத்துத்தான் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கினார்கள். துணியே பணமாகச் செலாவணியான காலம் அது. நாம் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள் அல்லவா? அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது பழவேற்காடுதான். பாட்டிமார் உடுத்திய சீட்டிப் பாவாடையை நினைத்துப் பாருங்கள். அந்தச் 'சீட்டி' வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது. ஆங்கிலத்தில் அதுவே 'சின்ட்ஸ்' ஆயிற்று. ஆபீசில் காகிதத்தில் குத்தும் முத்திரையை மலாயில் 'சாப்' என்கிறோம். அச்சைக் குறிக்கும் 'சாப்' என்ற இந்திச் சொல்லே கடல் கடந்து அப்படி வந்தது. ஆக, சின்னம் பதிக்கும் தொழிலும் அதைச் சொல்லும் சொற்களும் ஒரே கப்பலில் வந்தவை எனலாம்.

அந்தக் கைவினைஞர்கள் வேலை செய்த விதம் என்ன? 1742ஆம் ஆண்டில் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நமது கரையில் கண்டதையும் கேட்டதையும் நீண்ட கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அதனால் அந்த முறை நமக்கு விளக்கமாகத் தெரிகிறது.

முதலில் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். பால் எதற்கு என்று கேட்கலாம். பாலில் உள்ள கொழுப்பு, பின்னால் தீட்டப் போகும் நீரைப் பரவ விடாமல் நிறுத்துகிறது. அதனால்தான் மயிரிழை போன்ற கோடும் கலையாமல் நிற்கிறது. அடுத்ததாக, படத்தை ஒரு தாளில் வரைந்து, கோடு போகும் வழியெல்லாம் ஊசியால் துளையிடுவார்கள். தாளைத் துணிமேல் விரித்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால், துளை வழியே இறங்கிய தூள் படத்தின் தடத்தைத் துணியில் காட்டும். அதன்மேல் மூங்கில் எழுதுகோலால் வரைவார்கள். கறுப்புக்கு இரும்பை ஊற வைத்துப் புளித்த நீர். சிவப்புக்குப் படிகாரம். பிறகு சாயவேர் இட்ட தண்ணீரில் துணியைக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நூலோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்துச் சாயம் அலசும்போது போய்விடும். நீலம் வேண்டுமானால், நீலம் படக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

கவனித்தீர்களா, நேயர்களே? பாலும் மெழுகும் முதல் கேள்விக்கு விடை. படிகாரமும் இரும்பும் இரண்டாவது கேள்விக்கு விடை. சாயம் துணிமேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நூலுக்குள் புகுந்து அதன் பகுதியாகிவிட்டது. ஆனால் ஒரு துணியை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். நுணுக்கமும் உறுதியும் கிடைத்தன. வேகம் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தத் துணி ஐரோப்பாவில் பரவியபோது அங்குள்ள நெசவாளர்கள் நடுங்கினார்கள். பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. தடை நீங்க 1759 ஆயிற்று. இங்கிலாந்தும் 1701இல் இறக்குமதியைத் தடுத்து, 1721இல் உடுத்துவதையே தடுத்தது. அந்தத் தடை 1774இல்தான் தளர்ந்தது. அதற்குள் ஐரோப்பியர்கள் தாங்களே அச்சிடக் கற்றுக்கொண்டார்கள். 1752இல் அயர்லாந்தில் செப்புத் தகட்டில் படம் செதுக்கித் துணியில் பதித்தார்கள். மரக்கட்டையால் வராத மெல்லிய கோடுகள் தகட்டில் வந்தன. 1783இல் ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் பெல், செப்பு உருளையில் படம் செதுக்கி இயந்திரத்தில் ஓடவிடும் முறைக்கு உரிமம் பெற்றார். அதன்பின் ஆயிரக்கணக்கான கெஜத் துணி நிற்காமல் அச்சாகி வந்தது. நமது கரையின் கைவினைஞர்கள் தொழில் நலிந்து வறுமையில் வாடினார்கள். அதையும் இங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் உருளை முறையில் ஒரு சங்கடம் இருந்தது. உருளை செதுக்க ஆகும் செலவு பெரிது. மலைபோலத் துணி அச்சிடுபவருக்கே அது கட்டும். ஐம்பது பேருக்குச் சட்டை வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்கு விடை வேறொரு வழியில் வந்தது.

தாளில் படத்தை வெட்டி எடுத்து, அந்தத் துளை வழியாக மை தடவும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதில் ஒரு தொல்லை. வளையம் வரைய வேண்டுமானால், வளையத்தை வெட்டியதும் நடுவில் உள்ள வட்டம் பிடிப்பின்றி விழுந்துவிடும். ஜப்பானியர்கள் மெல்லிய பட்டு நூல்களைக் குறுக்கே ஓட்டி, அந்த நடுத்துண்டை விழாமல் பிடித்து வைத்தார்கள். அந்த எண்ணமே வளர்ந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு வலையாக மாறியது. 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சாமுவேல் சைமன் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். கடைகளில் 'ஸ்கிரீன் பிரிண்டிங்' என்று சொல்லும் திரை அச்சு இதுதான். இப்போது பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர் வலை வந்துவிட்டது.

திரை அச்சு வேலை செய்யும் விதம் எளிமையானது. வலை முழுவதும் ஒருவகைப் பூச்சைப் பூசுவார்கள். வெளிச்சம் பட்டால் அது கெட்டியாகும். படத்தைக் கறுப்பாக அச்சிட்ட கண்ணாடித்தாளை அதன்மேல் வைத்து விளக்கைக் காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் இளகியபடியே இருக்கும். தண்ணீரில் கழுவினால் அந்த இடம் திறந்துகொள்ளும். பிறகு சட்டைமேல் திரையை வைத்து, ரப்பர் விளிம்புள்ள கட்டையால் மையை இழுத்தால், திறந்த கண்கள் வழியே மை இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. மூன்று நிறம் என்றால் மூன்று திரை.

டி-சட்டையும் அந்தக் காலத்தில்தான் பிறந்து வளர்ந்தது. 1913இல் அமெரிக்கக் கடற்படையினருக்கு அது உள்சட்டையாக வழங்கப்பட்டது. 1948 அமெரிக்கத் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பெயர் அச்சிட்ட சட்டைகள் வெளிவந்தன. 1969இல் பல நிறங்களைச் சுழற்றி அச்சிடும் இயந்திரத்துக்கு மைக்கேல் வாசிலன்டோன் என்ற அமெரிக்கர் உரிமம் பெற்றார். அதன்பின் சின்னம் இல்லாத சட்டை அரிதாயிற்று. தமிழ்நாட்டில் பனியன் பின்னிய திருப்பூரும் 1970களின் இறுதியிலிருந்து வெளிநாடுகளுக்குச் சட்டைகளை அனுப்பத் தொடங்கி, அச்சுத் தொழிலிலும் தேர்ந்தது.

திரை அச்சின் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு திரை செய்ய 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிறத்துக்கு 90 வெள்ளி. ஆறு சட்டை மட்டும் அச்சிட்டால், திரைச் செலவே சட்டைக்கு 15 வெள்ளி விழும். தொண்ணூறு சட்டை அச்சிட்டால் சட்டைக்கு ஒரு வெள்ளிதான். ஆகவே எண்ணிக்கை கூடக் கூட இந்த முறை மலிவாகிறது.

நுணுக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மீன் வலையில் கண் பெரிதானால் சிறு மீன் நிற்காது அல்லவா? அதுபோலத் திரையின் கண் பெரிதானால் சிறு கோடு நிற்காது. ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை, தடித்த எழுத்துக்குப் போதும். மெல்லிய கோட்டுக்கு 77 முதல் 90 இழை வரை உள்ள வலை வேண்டும். நமது தமிழ் எழுத்துகளில் 'ண', 'ணை' போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகலாம். மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறிதானால் அச்சில் விழாமலே போகலாம். புள்ளி போனால் பொருளே மாறும். எனவே எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, புள்ளியைத் தடிப்பாக்கித் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரை அச்சு மை பெரும்பாலும் நூலுக்குள் புகாமல் மேலே படிவது. அதைச் சூட்டில் பதப்படுத்த வேண்டும். பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மைக்குச் சுமார் 160 பாகை சூடு தேவை. சூடு குறைந்தால் சட்டையை இழுத்தவுடன் மை வெடிக்கும். கைவினைஞர் சாயவேரைக் கொதிக்க வைத்ததற்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே: சாயம் தங்க வேண்டும்.

பின்னர் வந்த முறைகளையும் சுருக்கமாகப் பார்ப்போம். 1950களின் பிற்பகுதியில் பிரான்சில், தாளில் அச்சிட்ட சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் முறை உருவானது. சாயம் இழைக்குள் புகுந்துவிடுவதால் உரிவதே இல்லை. எத்தனை நிறமானாலும் கவலை இல்லை. ஆனால் பாலியெஸ்டர் துணிக்குத்தான் பொருந்தும். அதுவும் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பந்தாட்டக் குழுக்களின் சட்டைகள் பல இப்படி அச்சானவை. பருத்திச் சட்டையில் இது பிடிக்காது.

2000களில், காகிதத்தில் அச்சிடுவதுபோலச் சட்டையிலேயே மை தெளித்து அச்சிடும் இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. திரை தேவையில்லை. ஒரே ஒரு சட்டையானாலும், புகைப்படமானாலும் அச்சிடலாம். கருநிறப் பருத்திச் சட்டையானால் முன்கூட்டியே ஒரு நீரைத் தெளித்துக் காய வைப்பார்கள். மை உள்ளே ஊறிப் பரவாமல் நிறுத்துவது அதன் வேலை. எருமைப்பால் செய்த வேலையை இன்று அந்த நீர் செய்கிறது! 2020ஐ ஒட்டிப் பரவிய இன்னொரு முறையில், படத்தை மெல்லிய படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, சூட்டால் சட்டையில் ஒட்டுகிறார்கள். எந்தத் துணிக்கும் பொருந்தும்; பல நிறமும் வரும். ஆனால் இதுவும் மேலே ஒட்டுவதே. சரியாக அழுத்தாவிட்டால் ஓரம் தூக்கும். பெரிய படமானால் வெயிலில் வியர்க்கும். நூலால் தைக்கும் பூவேலையோ நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஊசியால் மிகச் சிறிய எழுத்தைத் தெளிவாகத் தைக்க முடியாது.

ஆகவே, உங்கள் தோட்டத்து இளைஞர் மன்றமோ, பந்தாட்டக் குழுவோ, கோயில் திருவிழாக் குழுவோ சட்டை அச்சிட நினைத்தால், கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை சட்டை? எத்தனை நிறம்? பருத்தியா, பாலியெஸ்டரா? படத்தில் மிகச் சிறிய கோடும் புள்ளியும் எவ்வளவு பெரியவை? ஒரு நாள் விழாவுக்கா, பல ஆண்டு உடுத்தவா? எண்ணிக்கை மிகுந்து நிறம் குறைந்தால் திரை அச்சு. எண்ணிக்கை குறைந்து நிறம் மிகுந்தால் மை தெளிப்பு அல்லது படல முறை. வெளிர் நிறப் பாலியெஸ்டரானால் ஆவி முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, முழுப் பணத்தையும் கொடுக்குமுன் ஒரு மாதிரிச் சட்டை வாங்கி, வீட்டில் மூன்று முறை துவைத்து, இழுத்துப் பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது.

அடுத்த முறை நாங்களும் அப்படியே செய்தோம். தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தோம். அறுபது பருத்திச் சட்டைக்கு இரண்டே நிறத்தில் திரை அச்சு என்று முடிவு செய்தோம். இலை நரம்புகளை விட்டுவிட்டு, மரத்தையும் மங்கையும் கோபுரத்தையும் தெளிந்த கோடுகளாக வரைந்தோம். பெயரைப் பெரிதாக்கிப் புள்ளிகளைத் தடிப்பாக்கினோம். பழைய லயத்தின் புகைப்படத்தை அணிய விரும்பிய பெரியவர்கள் ஐவருக்கு மட்டும் மை தெளிப்பு முறையில் தனியாக அச்சிட்டோம். ஒரே கூட்டத்துக்கு இரண்டு முறைகள் தேவைப்பட்டன. அதில் தவறொன்றும் இல்லை.

மறு ஆண்டு அதே பாசிர் ரிஸ் கடற்கரையில் அதே சட்டைகளோடு கூடினோம். நிறம் சற்றே மங்கியிருந்தது. ஆனால் புள்ளி ஒன்றும் உதிரவில்லை. அந்தத் தோட்டத்தைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகள் பாட்டியின் முன்னால் நின்று, தங்கள் நெஞ்சில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். பாட்டி ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

நேயர்களே, மண்ணில் இல்லாமற்போன ஊரின் பெயர் துணியிலாவது நிற்க வேண்டாமா? நிற்கச் செய்யும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். நாமும் கேட்டறிந்து செய்வோம்.